பிளான் காப்பி இல்லாமல் அலைந்த இரண்டரை மாதம்

வீட்டில் விதிமீறல் இருக்கிறது என்று மாநகராட்சி கொடுத்த நோட்டீஸ் ஒருவழியாக முடிவுக்கு வந்து, போன வாரம்தான் அந்தக் கடிதம் கைக்கு வந்தது. "நேரடி ஆய்வில் குறைபாடுகள் சரிசெய்யப்பட்டது தெரியவந்ததால் மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது" என்று ஒரே ஒரு வரி. கீழே கையெழுத்து, முத்திரை. அந்த ஒரு வரிக்காக ஏழு தடவை மாநகராட்சி அலுவலகத்துக்கு நடந்தேன். அபராதம் கட்டவில்லை, சீல் வைக்கவில்லை. ஆனால் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. சொந்த வீட்டில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு இன்றைக்கே பீரோவைத் திறந்து வீட்டு பிளான் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

நோட்டீஸ் பிப்ரவரி 3 தேதியிட்டது. நான் பார்த்தது 12-ஆம் தேதி. யாரோ வந்து மாடியில் குடியிருப்பவர்களின் பையனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவன் பள்ளிக்கூட அவசரத்தில் கரண்ட் மீட்டர் பெட்டி மேல் வைத்துவிட்டு மறந்துவிட்டான். பதில் தர 15 நாள் கெடு. அதில் ஒன்பது நாள் மீட்டர் பெட்டி மேலேயே போயிருந்தது.

1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம், பிரிவு 56 என்று மேலே போட்டு, மூன்று விஷயம் எழுதியிருந்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இல்லாத படிக்கட்டு பக்கவாட்டுக் காலியிடத்தில் இருக்கிறது. வாசல் சாய்தளம் தெருவின் மழைநீர் வடிகாலை மூடியிருக்கிறது. மழைநீர் சேகரிப்பு அமைப்பு செயல்பாட்டில் இல்லை.

படிக்கட்டு விஷயம் எனக்குத் தெரிந்தே நடந்ததுதான். வீடு 2013-ல் கட்டியது. 2021-ல் மாடியை வாடகைக்கு விட்டபோது, அவர்கள் எங்கள் ஹால் வழியாகப் போய்வர வேண்டாமே என்று வெளியே இரும்புப் படி போட்டோம். "பக்கத்துல இடம் சும்மாதானேம்மா கிடக்கு, எல்லாரும் போடறாங்க, யாரு வந்து பாக்கப்போறா" என்றார் மேஸ்திரி. எனக்கும் அப்போது அது சரியென்றே பட்டது. அந்த இடம் சும்மா கிடக்கவில்லை. ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்று எங்கள் பிளானில் போட்டிருந்ததால்தான் விட்டிருந்தோம். மழை பெய்தால் படியில் அடித்த தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் தெறித்து, அவர்கள் சமையலறை உள்பக்கம் வரை ஓதம் ஏறியிருக்கிறது. இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தார்கள். பார்க்கலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். புகார் கொடுத்தது அவர்கள்தான், அதில் அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நான் மாட்டிக்கொண்டது பிளானில். நோட்டீஸில் "அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்துக்கு மாறாக" என்று இருக்கிறது, அந்த வரைபடமோ என் கையில் இல்லை. ஒரிஜினல் வீட்டுக் கடனுக்காக வங்கியில் இருக்கிறது. கிளையில் கேட்டால், ஆவணங்கள் எல்லாம் வேறு ஊரில் ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள், வரவழைக்க 20 வேலை நாள் ஆகும் என்றார்கள். வீட்டில் ஒரு ஜெராக்ஸ் இருந்தது. அது முதல் தாள் மட்டும். அளவுகள் போட்ட சைட் பிளான் இரண்டாவது தாளில்.

சரி, அனுமதி கொடுத்தவர்களிடமே கேட்போம் என்று முதலில் போன இடமே தப்பு. கட்டட அனுமதி தரும் இன்னொரு அலுவலகமான திட்டக் குழுமத்துக்குப் போய் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் என் ஜெராக்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது மாநகராட்சியே அப்ரூவல் குடுத்தது மேடம், எங்ககிட்ட ஃபைல் இருக்காது" என்றார். அனுமதி எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளைப் பார்த்தாலே எந்த அலுவலகம் கொடுத்தது என்று தெரிந்துவிடுமாம். கிளம்பும் முன் அதைப் பாருங்கள்.

அடுத்த நாள் மாநகராட்சி. நகரமைப்புப் பிரிவில் ஆள் இல்லை, ஃபீல்டுக்குப் போயிருக்கிறார்கள். அதற்கடுத்த நாள் ஆள் இருந்தார். "2013 ஃபைலா? பிளான் உங்ககிட்ட இல்லேன்னா எங்ககிட்ட எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டார். அப்படியானால் எதை வைத்து மாறுபாடு என்று நோட்டீஸ் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை, நாளைக்கு வாங்க என்றார். மறுநாளும் போனேன், அதே பதில்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில்தான், தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்கள் தெரு பெரியவர் ஒருவர் வழி சொன்னார். "நீ போய் நிக்கறது எல்லாம் கணக்குல வராதும்மா. பேப்பர் குடுத்தியா, அதான் கணக்கு." இரண்டு காகிதம் எழுதச் சொன்னார். ஒன்று, நோட்டீஸுக்கு இடைக்காலப் பதில்: நோட்டீஸ் எனக்கு 12-ஆம் தேதிதான் கிடைத்தது, வரைபட நகல் வங்கியில் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்துச் சரிசெய்ய அவகாசம் வேண்டும். இன்னொன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு: இந்த அனுமதி எண்ணுக்குரிய வரைபடத்தின் சான்றிட்ட நகல், எல்லாத் தாள்களும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

இடைக்காலப் பதிலைத் தபால் பிரிவில் கொடுத்து, என் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினேன். அங்கிருந்தவர் முதலில் முத்திரை வைக்க மாட்டேன் என்றார், "வாங்கிட்டோம்ல, போங்க" என்றார். நான் நகரவில்லை. பின்னால் வரிசை நீள நீள அவரே வைத்துக் கொடுத்தார். பின்னால் ஒருநாள் இளநிலைப் பொறியாளர், "கெடுவுக்குள்ள நீங்க பதிலே குடுக்கலையே" என்று ஆரம்பித்தபோது அந்த நகலைத்தான் எடுத்து நீட்டினேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. பதினைந்து நாளில் முழுப் பதில் தர முடியாவிட்டாலும், ஏதாவது ஒரு பதில் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள்.

இந்த நடுவில் ஒரு தரகர். "வரைமுறைப்படுத்திடலாம் மேடம், ஸ்கீம் இருக்கு" என்று நல்ல தொகை கேட்டார். நிறைய பேர் இதில் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். விதிமீறிய கட்டடங்களை வரைமுறைப்படுத்தும், அதே 1971 சட்டத்தின் பிரிவு 113-சி, 2007 ஜூலை 1 அன்றோ அதற்கு முன்போ கட்டியவற்றுக்கு மட்டும். எங்கள் வீடு 2013. அவர் காட்டிய இன்னொரு காகிதம் அங்கீகாரமில்லாத மனைகளுக்கான திட்டம். அது 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்கு, அதுவும் மனைக்குத்தான், கட்டடத்துக்கு இல்லை. இரண்டும் எனக்குப் பொருந்தாது. இன்னொருவர், "2019-ல புது விதி வந்து எல்லாம் தளர்த்திட்டாங்களே" என்றார். ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019-ல் வந்தது உண்மை, மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற எஃப்.எஸ்.ஐ. 1.5-லிருந்து 2 ஆனதும் உண்மை. கட்டக்கூடிய மொத்தப் பரப்புதான் அதில் கூடியது. பக்கத்தில் விட வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ள அது அனுமதி இல்லை.

ஆர்.டி.ஐ. போட்ட 26-ஆம் நாள் கடிதம் வந்தது. "எங்ககிட்ட எப்படி இருக்கும்" என்று கேட்ட அதே பிரிவிலிருந்து, நகல் கட்டணம் கட்டிப் பெற்றுக்கொள்ளலாம் என்று. இரண்டு தாளும், சுற்று முத்திரையோடு. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன் என்றால் நம்புவீர்களா தெரியாது.

அன்று மாலையே டேப்பைப் பிடித்து அளந்தோம். வீட்டுச் சுவரிலிருந்து காம்பவுண்டு சுவர் வரை சரியாக 1.52 மீட்டர். நல்லவேளை, சுவர் பிளான்படிதான் இருக்கிறது. படிக்கட்டின் வெளி விளிம்பிலிருந்து அளந்தால் 61 சென்டிமீட்டர். ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் போக முடியும். நான்கு வருஷமாக அந்த வழியாகத்தான் கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் போயிருக்கிறோம். மாடியில் தீப்பிடித்திருந்தால் எப்படி இறங்கியிருப்பார்கள் என்று அங்கே நின்றபோதுதான் தோன்றியது. அதற்குப் பிறகு வாதாட எனக்கு மனமில்லை. வெல்டரைக் கூப்பிட்டு இரண்டு நாளில் அறுத்து எடுத்தோம். உள்படிக்கு ஹால் பக்கம் மரத் தடுப்பு வைத்து மாடிக்காரர்களுக்கு வழி விட்டாயிற்று.

சாய்தளத்தை அதற்கு முன்பே இடித்திருந்தேன், அதற்குக் காரணம் இருக்கிறது. 2024 நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம், பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் தராமல் எந்தக் கட்டடத்தையும் இடிக்கக் கூடாது என்று சொன்னது பலருக்கும் தெரியும். தெரு, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடத்தில் இருப்பவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. வடிகால் மேல் நீங்கள் போட்ட கான்கிரீட்டை ஜே.சி.பி. வந்து எடுத்தால், கேட்டையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டுப் போகலாம். நாமே எடுத்துவிட்டால் சேதம் நம் கையில். இப்போது கழற்றி வைக்கக்கூடிய இரும்புச் சட்டம்தான், அதுவும் காம்பவுண்டுக்கு உள்ளேயே முடிகிற மாதிரி. ஸ்கூட்டி ஏறுகிறது.

மூன்றாவது, மழைநீர். 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் இது கட்டாயம், எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். குழி மூடியைத் தூக்கினால் ஜல்லியே தெரியவில்லை, மேல்வரை கறுப்பு வண்டல். அதைவிட மோசம், மொட்டைமாடிக் குழாய் குழிக்கே வரவில்லை. ஏதோ ஒரு ரிப்பேரின்போது பிளம்பர் அதை வளைத்துப் பாதாளச் சாக்கடைச் சேம்பரில் விட்டிருக்கிறார். ஒவ்வொரு பெருமழைக்கும் எங்கள் தெரு மேன்ஹோல் பொங்குவதற்கு எங்கள் வீட்டுத் தண்ணீரும் ஒரு காரணம். இதைப் பார்த்ததும் உண்மையிலேயே கூசிப்போனேன். குழியை வெட்டி, ஜல்லியைக் கழுவிப் போட்டு, குழாயைத் திருப்பி, முதல் மழை அழுக்கை வெளியே விட ஒரு வால்வும் வைத்தோம். உங்கள் வீட்டில் குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒரு வாளி தண்ணீரை மாடியில் ஊற்றிப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்தேன். டேப் தெரிகிற மாதிரி, தேதியோடு. பதிலில் அவற்றை ஒட்டி, மறு ஆய்வு கேட்டுக் கொடுத்தேன். ஆய்வுக்கு வந்தவர் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார், நல்ல மனிதர். "எல்லாம் சரியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நம்மில் பெரும்பாலோர் அங்கேயே நிறுத்திவிடுவோம். நானும் நிறுத்தியிருப்பேன். பெரியவர்தான் விடவில்லை: "வாய்ல சொன்னது ஃபைல்ல ஏறாது. அவரு மாறுதல்ல போயிட்டா அடுத்து வர்றவரு பழைய நோட்டீஸைத்தான் பாப்பாரு." மறுபடி போய்க் கேட்டால், "வேலைதான் முடிஞ்சிருச்சே, எதுக்கு லெட்டர்?" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன், முத்திரை வாங்கினேன், மூன்று வாரம் கழித்து வந்தது அந்த ஒரு வரி.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. 2500 சதுர அடி வரை மனை, 3500 சதுர அடி வரை கட்டடம் என்றால் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது, 2024 ஜூலையிலிருந்து. யாரும் வந்து பார்க்காமலே கிடைத்த அனுமதி என்பதால் யாரும் வந்து பார்க்கவே மாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். விதிப்படி கட்டுகிறேன் என்று சான்று சொல்லியிருப்பவர் நீங்கள்தான், கேள்வி வந்தால் உங்களிடம்தான் வரும். அஸ்திவாரக் கோடு போடும் அன்று மேஸ்திரியை நம்பி வேலைக்குப் போய்விடாமல், பிளானையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு நாலு பக்கமும் நீங்களே அளந்துவிடுங்கள். வங்கிக்கு ஒரிஜினலைக் கொடுக்கும் முன் எல்லாத் தாளையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். என் பிளான் இப்போது பீரோவில் ஒன்று, போனில் ஒன்று, மகள் மெயிலில் ஒன்று இருக்கிறது. மாடி மேல் ஷீட் போடலாமா என்று மாடிக்காரர் நேற்று கேட்டார். பிளானை எடுத்து வருகிறேன், உட்காருங்கள் என்றேன்.