கன்று வீச்சு நோய்: எங்கள் கட்டுத்தரையில் ரத்தப் பரிசோதனை செய்த அனுபவம்

ஏழு மாதச் சினையில் ஒரு மாடு கன்றை வீசியபோது (கரு கலைந்து விழுவதைத்தான் அப்படிச் சொல்வோம்) வெயில் என்றார்கள், முட்டு வாங்கியிருக்கும் என்றார்கள். கொஞ்ச நாளில் பக்கத்தில் கட்டியிருந்த மாடும் வீசியது, நஞ்சுக்கொடியும் விழவில்லை. “கையுறை இல்லாம யாரும் தொடாதீங்க, எல்லா மாட்டுக்கும் ரத்தம் பார்த்துடலாம்” என்றார் கால்நடை மருத்துவர். அவர் சந்தேகப்பட்டது புருசெல்லோசிஸ் என்ற கன்று வீச்சு நோயை.

கழுத்து நரம்பில் ரத்தம் எடுப்பது சீக்கிரம் முடிந்துவிட்டது. ஆய்வகத்தில் ரோஸ் பெங்கால் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்க விட்டார்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்), ஒரு சொட்டு ரோஸ் நிற மருந்து. இரண்டையும் கலந்து தகட்டை நாலு நிமிடம் ஆட்டினார்கள். நோயில்லாத மாட்டின் சொட்டு அப்படியே வழவழவென்று கிடந்தது. வீசிய மாட்டினுடையது திரிந்த பால்போலப் பொடிப்பொடியாகத் திரண்டுவிட்டது. அப்புறம் எலிசா என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையிலும் உறுதியானது.

வீசிய இரண்டோடு, சந்தையில் வாங்கிவந்த எங்கள் நல்ல கறவை மாடும் பாசிட்டிவ். அது ஒருநாளும் கன்று வீசியதில்லை. கிருமி உடம்பின் செல்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்வதால் மாட்டுக்கு மருந்து கொடுத்துத் தீர்ப்பது நடைமுறையில் ஆகாது. “அடுத்த ஈத்து ஒழுங்கா போட்டுடும், வித்துடு தம்பி” என்றார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். அவர் சொன்னதில் பாதி சரி. பெரும்பாலான மாடுகள் ஒருமுறைதான் வீசும். ஆனால் நிறைமாதக் கன்று போட்டாலும் நஞ்சிலும் பனிக்குட நீரிலும் பாலிலும் கிருமி வரலாம். தெரிந்தே இன்னொருவர் கட்டுத்தரையில் கொண்டுபோய்க் கட்ட மனசு வரவில்லை. மூன்றையும் தோட்டத்துக் கடைசியில் தனியாகக் கட்டினோம், சினை ஊசியை நிறுத்தினோம், அந்தப் பாலை சொசைட்டிக்கு ஊற்றவில்லை. வருமானத்தில் பலமான அடிதான்.

வீசிய கன்று, நஞ்சு, ஈர வைக்கோல் எல்லாவற்றையும் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். நாய் இழுத்துப் போனால் ஊரெல்லாம் பரவும்.

வீட்டு ஆட்களுக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். அப்பாவுக்குக் கறந்த சூட்டோடு ஒரு டம்ளர் பச்சைப்பால் குடிக்கும் பழக்கம். சாயங்காலக் காய்ச்சலையும் இடுப்பு வலியையும் வயசு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் பாசிட்டிவ். டாக்ஸிசைக்ளின், ரிஃபாம்பிசின் என்று இரண்டு கிருமிக்கொல்லி மருந்து, ஆறு வாரம். வயிறு எரிகிறது என்று புலம்பினாலும் முழுசாகச் சாப்பிட்டு முடித்தார்.

தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும்தான், ஆயுளுக்கு ஒரே முறை. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். உயிருள்ள கிருமி மருந்து என்பதால் போடுபவரே கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வந்தார். வயது பொருந்திய கன்றுகளுக்குப் போட்டாயிற்று.

நெகட்டிவ் என்று வந்த சினை மாடு ஒன்று, கன்று போட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் பாசிட்டிவ் காட்டியது. அதனால் மிச்ச மாடுகளுக்கு ஆடியில் மறுபடி ரத்தம் எடுக்கிறோம்.