மாமிமார் நாலு பேர், ஈரல் ஒண்டு

திருகோணமலையில் மதுவுக்கு எதிரான சுவரொட்டி எதை எடுத்தாலும் குடிக்கிறது புருஷன், மூலையில் இருந்து அழுகிறது மனைவி. பெண்ணை நேசிக்கிற பெண்ணும் குடிப்பாள், அவளுக்கும் ஈரல் இருக்கு என்று ஒருவரும் எழுதவில்லை. நாங்கள் சில பேர் சேர்ந்து அதைச் சின்ன அட்டைகளில் எழுதுகிறோம், பகிடியாக.

பயமுறுத்தல் எங்களுக்குப் பழகிப்போனது. வீட்டிலும் வேலையிடத்திலும் அதுதான் கிடைக்கிறது. ஒருபால் உறவைக் குற்றமாக்குகிற, இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவு 1995 திருத்தத்தோடு பெண்களையும் உள்ளுக்குள் இழுத்துக்கொண்டது. ஒளித்து வாழ்கிற அழுத்தம் உடம்பையும் மனதையும் எப்படித் தின்னும் என்று அமெரிக்க ஆய்வாளர் இலான் மேயர் 2003இல் விளக்கினார். அவுஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளின் ஆய்வுகள் பலவற்றில் லெஸ்பியன், பைசெக்சுவல் பெண்கள் மற்றப் பெண்களைவிடக் கூடக் குடிப்பது தெரிகிறது. ஏற்கெனவே பயந்திருப்பவளிடம் அழுகின ஈரலின் படத்தை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள்.

அதற்காக எந்தப் பகிடியும் சரிவராது. பஸ் நிலையத்தடியில் ஒரு வீதி நாடகம் பார்த்தோம். குடிகாரனாக வந்தவர் இடுப்பை ஆட்டி, குரலை மெல்லிசாக்கிக் கதைத்தார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கட்டைமுடியும் சேர்ட்டுமாக எனக்குப் பக்கத்தில் நின்ற சிநேகிதி, கச்சான் சரையைத் திறக்காமலே பொத்திப் பிடித்திருந்தாள். ஆராவது திரும்பித் தன்னைப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம். குடியைப் பற்றி அந்த நாடகம் சொன்ன நல்ல விசயம் ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. எனக்கு இன்றைக்கும் அது கோபம்தான்.

எங்கட குடியின் விதமே வேறு. பெண்ணுக்கு மது விற்கக் கூடாது என்று 1979இல் வந்த விதியை 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். ஆக, ஓட்டோக்காரத் தம்பியிடம் காசு குடுத்துத்தான் வாங்குவிக்கிறது. திரும்பக் கேட்க வெட்கம் என்று ஒரேயடியாகக் கூட எடுப்பது. மிச்சத்தை வீட்டில் வைக்க முடியாது, அம்மா அலுமாரி திறப்பா. அதனால் அன்றைக்கே முடிப்பது. ‘ஆறுதலாக, அளவாகக் குடியுங்கள்’ என்கிறவர்களுக்கு இது தெரியாது.

எங்கட முதல் அட்டை இதுதான்: “ஒளிக்க இடமில்லை எண்டு போத்தலை வயித்துக்குள்ள ஒளிக்காதையடி!” கீழே கணக்கு: 8.8 வீத ஸ்ட்ரோங் பியர் 500 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் ஏறக்குறைய 35 கிராம் மதுசாரம். அவுஸ்திரேலியக் கணக்கில் 10 கிராம்தான் ஒரு அளவு. ஒரு ரின்னே மூன்றரை. மார்பகப் புற்றுநோய் ஆபத்து கொஞ்சக் குடியிலேயே கூடத் தொடங்கும், பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னதும் அதில் இருக்கு. சிரிப்போடு இது போகாவிட்டால் அட்டை குடிக்கு விளம்பரமாகிவிடும்.

இரண்டாவது: “கலியாணம் எப்ப எண்டு மாமி கேட்டா ஒரு கிளாஸ். மாமிமார் நாலு பேர், ஈரல் ஒண்டு.” உப்புவெளியில் ஒரு மாடி அறையில் இதை வாசித்தபோது எல்லாரும் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்க, எங்களில் மூத்த அக்கா சொன்னா: “மாமி கேக்காத நாளிலயும் எனக்கு வேணுமாக் கிடக்கு.”

எந்தக் கிளினிக்கிலும் அவ அதைச் சொன்னதில்லை, அங்கே முதல் கேள்வி புருஷனைப் பற்றித்தான். அன்றைக்கு எப்ப தொடங்கினது, காலையில் கை நடுங்குதா என்று கேட்டோம். நாளாந்தம் குடிக்கிறவ திடீரென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம், டொக்டரிடம் காட்டித்தான் விடவேணும் என்று சொன்னோம். மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926க்கு அவ எடுக்கும்போது ஒருத்தி பக்கத்தில் இருந்தாள்.

அட்டைகளைச் சுவரில் ஒட்டமாட்டோம், கைக்குக் கைதான் போகும். முகம் வரைவதில்லை. ஒரு படத்தால் ஒருத்தி வீட்டை விட்டுப் போகவேண்டி வரலாம்.

சுகாதாரப் பகுதியில் வேலை செய்கிற ஆராவது இதை வாசித்தால், அடுத்த வீதி நாடகத்தின் ஒத்திகைக்கு எங்களையும் கூப்பிடுங்கோ.