பாதிரியார் பிரபுவும் லாம்பர்ட்டும்

மார்ச் 4

பழைய ஆங்கிலேய கிரிக்கெட் ஆட்டக்காரர் ஃபிரெடரிக் பியூக்ளெர்க் பிரபுவைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1773-ல் பிறந்தவர், மன்னர் இரண்டாம் சார்லஸின் வழிவந்தவர், ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் பாதிரியார். கையைத் தாழ்த்தி மெதுவாகப் பந்து வீசுவார். மட்டை பிடிப்பதில் அவருக்கு இணையானவர்கள் அன்று மிகச் சிலரே. கூலிக்கு ஆடாத அமெச்சூர் என்று பெயர். ஆனால் கிரிக்கெட் பந்தயத்தில் ஆண்டுக்கு 600 கினி (பழைய ஆங்கிலப் பொற்காசு) வருவதாக அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு இது நெருடுகிறது.

மார்ச் 6

1810-ஆம் ஆண்டு ஆட்டத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். ஒரு பக்கம் பியூக்ளெர்க்கும் ஹோவர்டும். மறுபக்கம் ஜார்ஜ் ஆஸ்பால்டெஸ்டனும் கூலி ஆட்டக்காரர் வில்லியம் லாம்பர்ட்டும். பந்தயம் 50 கினி. ஆஸ்பால்டெஸ்டன் நோயில் படுத்துவிட்டார். தள்ளிவைக்கக் கேட்டதற்கு, ஆடு, இல்லையேல் பணத்தைக் கட்டு என்றார் பிரபு. லாம்பர்ட் ஏறக்குறைய தனி ஆளாகவே ஆடினார். பியூக்ளெர்க் மட்டை பிடித்தபோது எட்டாத தூரத்தில் பந்துகளை வீசிக்கொண்டே இருந்தார். இப்படி எட்டாமல் போகும் பந்துக்கு, அதாவது வைடுக்கு, அப்போது தண்டனை இல்லை. பிரபுவுக்குக் கோபம் தலைக்கேறியது. அப்போது நேராக ஒரு பந்து. ஸ்டம்ப் போனது. லாம்பர்ட் பக்கம் 15 ஓட்டங்களில் வென்றது!

மார்ச் 7

லாம்பர்ட் செய்தது நேர்மையா? நேர்மைதான் என்பேன். நோயாளிக்காக ஒரு நாள்கூடப் பொறுக்காதவர் விதியைக் காட்டினார். லாம்பர்ட்டும் அதே விதிக்குள்தான் நின்றார். மறு ஆண்டே வைடுக்கு எதிராக விதி வந்தது.

மார்ச் 11

1817 ஜூலையில் லாம்பர்ட் லண்டனின் லார்ட்ஸ் மைதானத்தில் ஒரே ஆட்டத்தில் இரண்டு சதம் அடித்தார்: ஆட்டமிழக்காமல் 107, பிறகு 157. அதற்கு முன் யாரும் செய்யாதது, அடுத்து புகழ்பெற்ற ஆங்கிலேய ஆட்டக்காரர் டபிள்யூ.ஜி. கிரேஸ் 1868-ல்தான் செய்தார். ஆனால் அதே ஆண்டில், நாட்டிங்ஹாம் ஆட்டமொன்றை விற்றார், அதாவது பணத்துக்காக வேண்டுமென்றே மோசமாக ஆடினார் என்ற குற்றச்சாட்டில், லார்ட்ஸில் அவர் மீண்டும் ஆட முடியாதபடி தடை விழுந்தது. அதன் பின்னால் பியூக்ளெர்க் இருந்ததாகவே பலரும் எழுதுகிறார்கள். குற்றம் உண்மையாகவே இருக்கட்டும். பந்தயத்தில் 600 கினி ஈட்டியவருக்குத் தீர்ப்பு சொல்ல என்ன தகுதி?

மார்ச் 12

பியூக்ளெர்க் 1826-ல், லார்ட்ஸ் மைதானத்தின் மேரிலிபோன் கிரிக்கெட் கிளப்பான எம்.சி.சி.யின் தலைவரானார். கோபத்தில் எம்.சி.சி.யை விட்டு விலகிய ஆஸ்பால்டெஸ்டன் பின்னாளில் திரும்பி வர விரும்பியபோதும் விடாமல் தடுத்தவர் இவர்தான். பியூக்ளெர்க் 1850-ல் இறந்தார், லாம்பர்ட் 1851-ல். ஒரே ஆண்டு இடைவெளி. இனி கிரிக்கெட்டின் பொற்காலப் பிரபுக்கள் என்று யாராவது எழுதினால், லாம்பர்ட் எங்கே என்றுதான் முதலில் தேடுவேன்.