முதியோர் பாடத்தில் விழுந்து எழுந்தவன் சொல்வது

நேற்று ரிசல்ட். பாஸ். போன முறை பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு) இறுதியாண்டு பிராக்டிகலில் என்னைக் கவிழ்த்தது பக்கவாதமும் இல்லை, முதுகுத்தண்டும் இல்லை. யாரும் மதிக்காத முதியோர் பகுதிதான்.

"வயசானவங்களுக்கும் அதே எக்சர்சைஸ்தான், கொஞ்சம் குறைச்சுக் கொடு" என்று ஒரு சீனியர் சொன்னதை நம்பிவிட்டேன். லாங் கேஸாக, அதாவது தேர்வில் முழுதாகப் பரிசோதித்துக் காட்ட வேண்டிய நோயாளியாக வந்தவர் இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன 74 வயது அம்மா. மூட்டு அசைவு, தசை வலு எல்லாம் ஜோராகப் பார்த்தேன். அப்புறம், படுத்திருந்தவரைச் சட்டென்று எழுப்பி வாக்கரைப் பிடிக்க வைத்தேன். "கண்ணை இருட்டிக்கிட்டு வருதுப்பா" என்றார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், எக்ஸ்டெர்னல்தான் ஓடிவந்து தாங்கினார். "பி.பி. பார்த்தீங்களா? என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னாவது கேட்டீங்களா?" நான் வாயே திறக்கவில்லை.

எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கும். நம் வயதில் உடம்பு உடனே சுதாரித்துக்கொள்ளும்; முதுமையில் அது மெதுவாகிவிடும், பி.பி. மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். நின்ற 3 நிமிடத்துக்குள் பி.பி.யின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் உஷார். படுக்கையில், உட்கார்ந்து, நின்று என்று மூன்று முறை பாருங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

எனக்கு மனப்பாடம் வராது. இந்த முறை தாத்தாவை வைத்தே படித்தேன். டைம்டு அப் அண்ட் கோ என்று ஒரு சோதனை: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். அதில் 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம், தாத்தாவுக்கு 17. பந்தயம் என்று நினைத்து, "இருடா, இன்னும் வேகமா வர்றேன்" என்று மறுபடி கிளம்பினார். வழக்கமான வேகத்தில்தான் நடக்க வேண்டும் என்பது இனி ஆயுசுக்கும் மறக்காது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதையேதான் கேட்டார்கள்!

எங்கள் மருத்துவமனை போஸ்டிங்கில் முழங்கால் தேய்மானம், பக்கவாதம் என்று வந்தவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். அப்படியிருக்க, இந்தப் பாடத்தைக் கடைசியில் நாலு வகுப்பில் ஓட்டிமுடிப்பது அநியாயம்.

மற்றவை:

- பெர்க் ஸ்கேல் (உடல் சமநிலையை அளப்பது): 14 அம்சம், மொத்தம் 56 மதிப்பெண்.
- காது மந்தமானவரிடம் கத்தாதீர்கள். வயதானால் முதலில் மங்குவது கீச்சொலிகள்தான். முகம் தெரிய உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசுங்கள்.
- திடீர்க் குழப்பத்துக்கு "வயசாச்சுல்ல" என்று எழுதாதீர்கள். சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம்.
- "பாட்டி" வேண்டாம். எங்கள் எக்ஸ்டெர்னலுக்கு அது பிடிக்கவில்லை. "அம்மா" போதும்.