கை போற போக்குல

இன்று மாட்ரிட்டிலிருந்து வந்த ஒரு தம்பதியை ஆத்தங்குடி தரைக்கல் பட்டறைக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடி மேல் அச்சை வைத்து அண்ணன் வண்ணச் சாந்தை ஊற்றுகிறார். திடீரென்று அச்சில்லாமல் கரண்டியாலேயே ஒரு பூ. "எப்படிண்ணே?" என்றேன். "அது கை போற போக்குல வர்றதுதான் தம்பி."

சரி, இதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது? எனக்கிருப்பது இரண்டு வருடப் படிப்பு.

'எஸ் கிரியேட்டிவோ' என்றேன், படைப்புத்திறன் உள்ளவர் என்று. அது அவருடைய இயல்பைச் சொல்வது, அந்த நிமிடத்தை அல்ல. நிமிடத்துக்கு 'எஸ்தா இன்ஸ்பிராடோ', இப்போது உந்துதலில் இருக்கிறார். நாம் 'இரு' ஒன்றை வைத்தே ஓட்டுகிறோம், அவர்களுக்கு 'செர்', 'எஸ்தார்' என்று இரண்டு. 'இன்ஸ்பிராசியோன்' என்றால் உந்துதல், மூச்சை உள்ளிழுப்பதும் அதேதான். ஆனால் அண்ணன் ஒன்றும் மூச்சுப் பிடித்துச் செய்யவில்லையே!

அந்த அம்மாதான் மெதுவாக 'துவெண்டே' என்றார், கலைஞனுக்குள் எழும் ஒரு வேகம். ஸ்பானியக் கவிஞர் லோர்கா 1933இல் புவெனஸ் ஐரிஸில் இதைப் பற்றியே உரையாற்றியிருக்கிறார்: கலைத்தேவதை வெளியிலிருந்து வருவாள், துவெண்டே உள்ளங்காலிலிருந்து ஏறும். ஸ்பெயினின் ஃபிளமெங்கோ பாட்டுக்கு அதிகம் சொல்வார்கள். கல்லுக்குக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்துவிட்டது.

அதன் பழைய பொருள் 'வீட்டுக்கு உடையவன்', அதாவது வீட்டில் குடியிருக்கும் குட்டிச்சாத்தான். அண்ணனிடம் சொன்னேன்.

"நம்ம பக்கம் பூட்டிக் கெடக்குற வீட்டுல எல்லாம் அவன்தானே இருக்கான்" என்றார், கரண்டியை வைக்காமலே.