சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு நூறு ரூபாய்

வேலூரில் பொருட்களைப் படமெடுத்துப் பிழைக்கும் எனக்கு முதல் ஆசிரியர் தோல்தான். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துத் தொழிற்கூடங்களுக்காகக் காலணிகளையும் பைகளையும் எடுத்துப் பழகியவன் நான். வெளிச்சத்தை நேரே அடித்தால் தோல் வெறும் நிறமாகிவிடும். மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் விட்டால் அதன் ஒவ்வொரு மயிர்க்கால் துளையும் எழுந்து நிற்கும். ரூபாய் நோட்டுகளைப் படமெடுக்கத் தொடங்கியபோது இந்தப் பாடம் அப்படியே கைகொடுத்தது.

பித்தளைச் செம்பையும் மாம்பழத்தையும் எடுத்தால் யாரும் விலை கேட்பதில்லை. நோட்டை மேசையில் வைத்தவுடன் டீ கொண்டுவரும் பையன்கூட, “எவ்வளவு இருக்கும், அண்ணா?” என்கிறான். பணம் கண்ணில் பட்டால் மனம் எண்ணத் தொடங்கிவிடுகிறது. நிதி நிறுவன விளம்பரங்களுக்காக விசிறிபோல் விரித்த நோட்டுகளை நானும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் படங்களில் தொகை தெரியுமே தவிர, நோட்டு தெரியாது. அந்த எண்ணிக்கையை நிறுத்திவிட்டு, கையில் இருப்பது என்ன பொருள் என்று பார்க்க வைக்க வேண்டும் என்பதே என் ஆசை.

நம் நோட்டு மரக்கூழில் செய்த காகிதம் அல்ல, பருத்தி இழை. அதனால்தான் சட்டைப் பையோடு துவைபட்டாலும் பிழைத்துக்கொள்கிறது. நூறு, இருநூறு, ஐந்நூறு ரூபாய் நோட்டுகளில் காந்தியின் உருவமும் அசோகத் தூண் சின்னமும் புடைத்து நிற்கும்படி அச்சிடப்பட்டவை. பார்வையற்றவர்கள் தடவி அறிவதற்காக இரு ஓரங்களிலும் சாய்கோடுகள் உண்டு. நூறில் நான்கு, ஐந்நூறில் ஐந்து. கடப்பாக்கல் பலகையில் நோட்டைப் படுக்க வைத்து, மிக அருகில் படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸைப் பொருத்தி, விளக்கை ஏறக்குறைய கல்லின் மட்டத்துக்கே இறக்கி, எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் துண்டை நிறுத்துகிறேன். விரல் உணர்கிற அந்த மேடு அப்போது மெல்லிய நிழலாகப் படத்தில் விழுகிறது. சாய்கோடுகள் வரப்புகளாக எழுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான்.

அந்தக் காந்தி முகத்தை இவ்வளவு அருகில் பார்க்கும்போது வேறொரு நினைப்பும் வரும். அது ஓவியனின் கற்பனை அல்ல. 1946இல் டெல்லியில், இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக இருக்கும் இடத்தில், பிரிட்டிஷ் அமைச்சர் பெத்திக் லாரன்ஸ் பிரபுவோடு காந்தி நின்றபோது எடுத்த புகைப்படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம். எடுத்தவர் யாரென்று தெரியவில்லை என்கிறார்கள். நாட்டிலேயே அதிகம் கைமாறும் படத்துக்குச் சொந்தக்காரர் பெயரில்லாத ஒரு கேமராக்காரர். அதே தொழிலில் இருப்பவன் என்பதால் எனக்கு இது வலிக்கிறது. விளக்கைத் தாழ்த்தும் ஒவ்வொரு முறையும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

சலவை நோட்டு சீக்கிரமே சலித்துவிடும். நைந்த நோட்டில்தான் பார்க்க விஷயம் இருக்கிறது. பஸ் கண்டக்டர் கையிலிருந்து வரும் நோட்டு நீளவாக்கில் மடிந்திருக்கும். விரல் இடுக்கில் செருகி வைத்த மடிப்பு அது. சுருக்குப்பையிலிருந்து வருவது எட்டாக மடிந்து, மடிப்புகள் கூடும் இடத்தில் பொத்தலாகியிருக்கும். பூக்கடையில் வாங்கும் பத்து ரூபாயில் ஈரம் உலர்ந்த அலை தெரியும். நோட்டுக் கட்டுகளுக்குப் பின் அடிக்கும் வழக்கத்தை 2001இல் ரிசர்வ் வங்கி நிறுத்தச் சொன்னது. அதற்கு முந்தைய நோட்டுகள் சிலவற்றில் அந்தத் துளைகள் இன்னும் இருக்கின்றன. கிழிசலை ஒட்டிய செலோடேப் மஞ்சளாகிப் பளபளப்பதையும் நான் மறைப்பதில்லை. நோட்டின் மேல் எதையும் எழுதக் கூடாது என்று எவ்வளவோ சொல்லியும், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியும் நீர்க்குறி இருக்கும் வெற்றிடத்தில் யாரோ போட்ட கூட்டல் கணக்கு கிடைத்துக்கொண்டே இருக்கிறது. செய்தது தவறு. ஆனாலும் அந்தக் கையெழுத்தை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

எங்கள் ஊருக்கென்று ஒரு வரவும் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். காந்தி ரோடு, பாபுராவ் தெரு லாட்ஜுகளில் வங்க எழுத்தில் பலகைகள் தொங்கும். அப்படித் தங்கியிருந்த ஒரு பெரியவர் வங்கதேசப் பணமான டாக்காவில் பழைய இரண்டு டாக்கா நோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் அவர்களின் தேசியப் பறவையான குண்டுக்கரிச்சான் இருக்கிறது. மருந்துச் சீட்டுகளோடு மடிந்து கிடந்ததால் பறவையின் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது. நம் பத்து ரூபாயை அருகில் வைத்து எடுத்தேன். மதிப்பு தெரியாத நோட்டு பக்கத்தில் இருக்கும்போது பார்ப்பவர்கள் எண்ணுவதை விட்டுவிடுகிறார்கள் என்பதை அந்தப் படத்தில்தான் கண்டுகொண்டேன்.

ஐந்நூறின் பாதுகாப்பு இழை நேரே பார்த்தால் பச்சை, சாய்த்தால் நீலம். ஒரே படத்தில் இரண்டையும் பிடிக்க முடியாது; இரண்டு படங்களாக எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். நீர்க்குறிக்குக் கண்ணாடியும் பின்விளக்கும் போதும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. ரூபாய் நோட்டென்று நம்பவைக்கும் அளவுக்கு ஒத்த எந்த ஆவணத்தையும் அச்சிடுவது நம் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 182ஆம் பிரிவின்படி குற்றம். அபராதம் 300 ரூபாய் வரைதான்; அதற்காக விஷயம் சிறியதாகிவிடாது. ஃபோட்டோஷாப்பும் பல நாட்டு நோட்டுகளை அடையாளம் கண்டு, திறக்கவே மறுக்கும். இந்தத் தொல்லை கேமராவோடு வந்ததும் அல்ல. வில்லியம் ஹார்னெட் என்ற அமெரிக்க ஓவியர் 1877இல் ஐந்து டாலர் நோட்டை அசல்போலவே வரைந்தார். 1886இல் கள்ளநோட்டைத் துப்பறியும் அந்நாட்டு சீக்ரெட் சர்வீஸ் அவரை விசாரித்தது. கடைத் திறப்பு விழாவுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டு வடிவிலேயே நோட்டீஸ் வேண்டும் என்று ஒருவர் கேட்டபோது மறுத்துவிட்டேன். ஒரு முழு நோட்டையும் நேர்மேலிருந்து தட்டையாக நான் எடுப்பதே இல்லை. மூலை, மடிப்பு, ஓரம், பின்புற மொழிப்பட்டியில் ‘நூறு ரூபாய்’ என்றிருக்கும் தமிழ் வரி: இவை போதும். அச்சிட்டால் சுவரளவு பெரிதாகத்தான்.

இப்போது லாங் பஜார் மளிகைக் கடைகளில் டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுகளைக் கேட்டு வாங்குகிறேன். நாணயம் வந்த பிறகு அவை அரிதாகிவிட்டன. கிடைப்பவையும் துணியாகவே தொய்ந்திருக்கின்றன. விளக்கை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினால்தான் டிராக்டரின் சக்கரம் தெரிகிறது.