அன்னாசி ஓட்ஸ் பார்: நாலாவது ட்ரேயில்தான் அடி நமுக்காமல் வந்தது

நாலாவது ட்ரே. கத்தியை இறக்கினால் மேலே ஓட்ஸ் மொறுக்கென்கிறது, நடுவில் அன்னாசி நகராமல் நிற்கிறது, அடித்தட்டு பிஸ்கட் போல நேராக வெட்டுப்படுகிறது. மறுநாள் காலையிலும் அப்படியே. இதற்கு முந்தைய மூன்றும் சாயங்காலத்துக்குள்ளோ மறுநாளோ அடி சொதசொதத்து, கையில் எடுத்தால் பூரணம் வழிந்து, ஸ்பூன் போட்டுச் சாப்பிட வேண்டிய கதி. ருசியில் குறையில்லை. ஆனால் அதற்குப் பேர் பார் கிடையாது.

8 அங்குலச் சதுர ட்ரேக்கான அளவு: மைதா 130 கிராம், ரோல்டு ஓட்ஸ் 100, நாட்டுச்சர்க்கரை 100, வெண்ணெய் 115, சமையல் சோடா கால் டீஸ்பூன். நாட்டுச்சர்க்கரையைச் சலித்தே ஆக வேண்டும், கட்டி கிடந்தால் அந்த இடம் கருகும். உப்பு வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். 100 கிராம் கட்டி ஒன்று வாங்கிவிட்டு மீதி 15 கிராமுக்காக இன்னொன்றைப் பிரிக்கத் தேவையில்லை. 12 கிராம் நெய் விட்டால் கணக்கு சரியாகிவிடும். வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதத்துக்குச் சற்று மேல், மீதி பெரும்பாலும் தண்ணீர். நெய்யில் அந்தத் தண்ணீர் இல்லை.

குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் உதிர்க்கச் சொல்லும் குறிப்பெல்லாம் சென்னை மே மாதத்துக்கு எழுதியதல்ல. இரண்டாவது நிமிடமே கையில் எண்ணெய். பேசாமல் உருக்கி ஊற்றிக் கிளறிவிடலாம். பதம் புட்டு மாவுதான்: பிடித்தால் பிடிக்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும். கலவையில் 300 கிராம் அடிக்கு. மேலே தூவ வேண்டிய மீதியைக் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு கையால் உடைத்தால் சுண்டைக்காய் அளவுக் கட்டிகள் கிடைக்கும். அந்தக் கட்டிகள்தான் மொறுமொறுப்பு. வைக்காமல் நேராகத் தூவினால் மணல் மாதிரி படிந்துவிடும்.

இனி பூரணம். தப்பெல்லாம் இங்கேதான் நடந்தது.

அன்னாசியில் 86 சதவீதம் போலத் தண்ணீர். தோலும் நடுத்தண்டும் நீக்கிப் பொடியாக நறுக்கிய 400 கிராம் பழத்தில் ஏறக்குறைய 345 கிராம் தண்ணீர் இருக்கிறது. சர்க்கரை 50 கிராம் சேர்ந்து சூடேறியதும் அதில் நிறைய வெளியே வரும். ‘கெட்டியானதும் இறக்கவும்’ என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார்களே, எது கெட்டி? கொதிக்கிற பூரணம் இளகலாகத் தெரியும், ஆறினால் இறுகும். பழத்துண்டு நிறைய இருந்தால் சாறு வற்றாமலே கெட்டி மாதிரி கண்ணை ஏமாற்றும். முதல் ட்ரேயும் மூன்றாவதும் இந்தக் கண் திட்டத்தில்தான் போயின. இரண்டாவதில் சோளமாவை (கார்ன்ஃப்ளார்) 25 கிராமாக ஏற்றிப் பார்த்தது அதைவிட மோசம். அன்று களி மாதிரி வழவழப்பு, மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் மாவுக்கூழ் சுருங்கி, பிடித்து வைத்த தண்ணீரையெல்லாம் அடித்தட்டில் விட்டிருந்தது. சோளமாவுக் கூழைக் குளிரவைத்தால் நாளாக நாளாகத் தண்ணீர் கக்கும். மாவு கூடினால் அந்தக் குணம் போய்விடாது. தண்ணீரை அடுப்பில்தான் விரட்ட வேண்டும்.

ஆகவே பதத்தைக் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டுத் தராசில் பார்ப்பது. காலி வாணலியைக் கரண்டியோடு எடை போட்டு எழுதி வைத்துக்கொள்ளவும். இந்த வாணலி 640 கிராம். பழம், சர்க்கரை இரண்டும் சேர்ந்து 450. அகலமான வாணலி, நடுத்தரத் தீ, மூடி கூடாது. 15 நிமிடம் கழித்து ஒரு எடை, பிறகு மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு எடை. தராசில் 900 வரும்போது உள்ளே இருப்பது 260 கிராம். அப்போது 10 கிராம் சோளமாவை இரண்டு டேபிள்ஸ்பூன் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, குமிழ் விட்டுக் கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். அன்னாசியின் புளிப்பிலே அதிகம் கொதித்தால் இறுகின கூழ் திரும்ப இளகும். எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், அதுவும் அடுப்பை அணைத்த பிறகு. முடிவில் தராசு 920, அதாவது பூரணம் 280 கிராம். ட்ரேயில் பரப்பினால் அரை விரற்கடைக்கும் குறைந்த கனம்தான் வரும். கஞ்சத்தனமாகத் தெரியும், போதும்.

சூடான வாணலியை நேரே தராசில் வைக்காதீர்கள். அடியில் உள்ள உணரி சூட்டில் தடுமாறி எண் ஓடிக்கொண்டே இருக்கும். சப்பாத்திப் பலகையை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு அதன் மேல் வைத்தால் போதும்.

அன்னாசி என்றால் இறுகாது என்று ஒரு பேச்சு உண்டு. அது ஜெலட்டினுக்கு. பச்சை அன்னாசியில் உள்ள புரோமலைன் என்ற நொதி புரதத்தை வெட்டும், மாவுச்சத்தை ஒன்றும் செய்யாது. கொதித்தபின் அதுவே செத்துவிடும்.

ஓடிஜி (சின்ன மின்சார அவன்) 180 டிகிரி, மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும். அடிக் கலவையைத் தட்டையான டம்ளர் அடியால் அழுத்தி, கீழ்த் தட்டில் 15 நிமிடம், ஓரம் லேசாகச் சிவக்கும் வரை. பூரணம் ஆறியிருக்க வேண்டும், அடித்தட்டு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். இரண்டும் ஆறிப்போனால் வெட்டும்போது தனித்தனியே கழன்றுவரும். மேலே தூவி, நடுத் தட்டுக்கு மாற்றி, 170 டிகிரியில் 28 முதல் 30 நிமிடம். நாட்டுச்சர்க்கரை சீக்கிரம் கருகும் என்பதால்தான் இந்தப் பத்து டிகிரி குறைப்பு. திருகில் போட்டிருக்கும் டிகிரியை நம்ப வேண்டாம், உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

பட்டர் பேப்பர் பற்றி ஒரு புலம்பல். மெல்லிசாக, கண்ணாடி மாதிரி வழவழப்பாக, ரோல் ரோலாக மலிவாகக் கிடைப்பது பொட்டலம் சுற்றத்தான். சிலிகோன் பூச்சு இல்லாததால் சர்க்கரை கசிந்த இடத்தில் பாரோடு சேர்ந்து பிய்யும், அப்புறம் காகிதத்தைச் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பேக்கிங் காகிதம் என்று கேட்டு வாங்குங்கள். பாரிமுனைப் பக்கம் பேக்கரிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அலுமினிய ட்ரேயும் அங்கேயே. கறுப்புப் பூச்சு ட்ரே என்றால் அடி சீக்கிரம் சிவக்கும், மூன்று நிமிடம் குறைத்துக்கொள்ளவும்.

ஓட்ஸும் அப்படித்தான், பாக்கெட்டில் ரோல்டு என்று போட்டு உள்ளே பாதி நொறுங்கினதை அனுப்புகிறார்கள். சலித்தால் ஒரு கைப்பிடி தூள் விழும். அந்தத் தூள் வெண்ணெயைக் குடித்துவிட்டுக் கலவையைப் பசையாக்கும். தோசை மாவில் போட்டுத் தீர்க்கலாம். சீக்கிரம் வேகும் குவிக் ஓட்ஸ் இதற்கு வேண்டவே வேண்டாம்.

வெட்டுவது: வெளியே இரண்டு மணி நேரம், ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம், பிறகுதான். சூட்டில் வெட்டினால் வெண்ணெய் உருகிய நிலையிலேயே இருக்கும், பிடித்துவைக்க ஒன்றுமில்லாமல் பொலபொலவென்று உதிரும். 16 துண்டு வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்கவும்.

பழம் கேரளத்து வாழக்குளத்தின் மொரீஷியஸ் ரகம் கிடைத்தால் நல்லது, 2009-ல் புவிசார் குறியீடு வாங்கிய சின்னப் பழம். இனிப்பு தூக்கல், சர்க்கரையை 40 ஆக்கலாம்.

மேல் பக்கம் நடுவில் இன்னும் வெளுப்புதான். ஓரம் சிவக்கும் நேரத்துக்கு நடு சிவப்பதில்லை, 20-வது நிமிடத்தில் ட்ரேயைத் திருப்பி வைத்தும் சரியாகவில்லை. அதைச் சரிசெய்வதற்குள் பங்கனப்பள்ளி முடிந்துவிடும் என்பதால் அடுத்து மாம்பழம். கூழ் ஏற்கனவே கெட்டி, சோளமாவு 6 கிராமில் ஆரம்பித்து, 260-க்குப் பதில் 300-இல் நிறுத்திப் பார்க்க வேண்டும். கொய்யாவும் வரிசையில் இருக்கிறது; அதில் தானாக இறுகவைக்கும் பெக்டின் நிறைய, சோளமாவே தேவைப்படாது, ஆனால் விதையை வடிகட்ட யாருக்குப் பொறுமை.